தலைப்பிரட்டைகளை ஈனும் கோரைப்பல் தவளை

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு. காட்டில் ஓர் இரவு, ஜிம் மெக்வயர் என்ற ஆய்வாளர் ஒரு தவளையைப் பிடித்தார். ஆண் என்றுதான் நினைத்தார். கையில் எடுத்ததும் கையெல்லாம் வழவழவென்று தலைப்பிரட்டைகள்! அப்போதுதான் பிறந்தவை.

பெரும்பாலான தவளைகளில் பெண் முட்டைகளை வெளியே இடும். ஆண் அவற்றின் மேல் விந்தைச் சொரியும். 6,000-க்கும் மேற்பட்ட தவளை இனங்களில் உடலுக்குள்ளேயே கருவுறுபவை மிகச் சில. அவற்றிலும் சில முட்டையிடும், சில குட்டித் தவளைகளையே ஈனும். தலைப்பிரட்டைகளை ஈனுவதாக அறியப்பட்டது இது ஒன்றுதான். முட்டைகள் தாயின் கருக்குழாயிலேயே பொரிகின்றன. குஞ்சுகள் மஞ்சள் கருவை உண்டு வளர்ந்து, பிறகு சிறு குட்டையில் வந்து விழுகின்றன.

இந்தோனேசிய ஆய்வாளர் ஜோகோ இஸ்கந்தர் இந்தத் தவளையை 1990-களிலேயே கண்டிருந்தார். ஆனாலும் அறிவியல் பெயர் கிடைத்தது 2014 டிசம்பர் கடைசியில்தான்: லிம்னோனெக்டஸ் லார்வேபார்ட்டஸ். லார்வாவை, அதாவது தலைப்பிரட்டையை, ஈனுவது என்று பொருள். இவ்வளவு பொருத்தமான பெயர் எல்லா உயிருக்கும் வாய்ப்பதில்லை.

கோரைப்பல் தவளைகள் அடங்கிய லிம்னோனெக்டஸ் பேரினத்தில் 70-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஜப்பானின் ஒகினாவா முதல் இந்தோனேசியா வரை பரவியுள்ளன. நம் வயல்களில் முதல் மழைக்கு மஞ்சளாகிக் கத்துமே, அந்தப் பெரிய தவளையும் இதே டிக்ரோகுளோசிடே குடும்பம்தான். சரி, கோரைப்பல்? அது உண்மையில் பல்லே இல்லை. கீழ்த்தாடை எலும்பிலிருந்து எழும் இரண்டு கூர்முனைகள். ஆண்கள் சண்டையிட அவை உதவுகின்றன.

லார்வேபார்ட்டஸ் சுலவேசியின் வடக்குக் கரத்திலும், நடுப்பகுதியின் மேற்குப் பக்கத்திலும் வாழ்கிறது. எடை 5, 6 கிராம்தான். ஆற்றோரத்தைப் பெரிய உறவினர்களுக்கு விட்டுவிட்டு, ஓடையிலிருந்து விலகிய சிறு குட்டைகளைத் தேடிப் போகிறது. அந்தத் தீவில் கோரைப்பல் தவளைகள் இப்படி இடம் பிரித்து வாழ ஒரு காரணம் உண்டு. பிலிப்பைன்ஸில் நீர் தேவையில்லாமல் தரையிலேயே இனம் பெருக்கும் வேறு தவளைக் கூட்டம் ஒன்று அங்குள்ள கோரைப்பல் தவளைகளுடன் போட்டி போடுகிறது. சுலவேசியில் அந்தக் கூட்டமே இல்லை. காலியாகக் கிடந்த இடங்களையெல்லாம் கோரைப்பல் தவளைகளே பிடித்துக்கொண்டன. வேகமான ஆற்றில் வாழ்பவை பெரிய உடலும் விரல்களுக்கு இடையே அகன்ற சவ்வும் பெற்றன. தரையில் வாழ்பவை சிறுத்தன.

2023-இல் அதே தீவிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர் வந்தது: லிம்னோனெக்டஸ் ஃபில்லோஃபோலியா. இது முட்டைதான் இடுகிறது, ஆனால் நீரில் இல்லை. நீருக்கு மேலே இலையிலும் பாசி படர்ந்த பாறையிலும். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்ன ஆண், முட்டைக் கூட்டத்தை அணைத்தபடி உட்கார்ந்து காவல் காக்கிறது.