நாய்த் தீனி தானம் கொடுக்கும் முன்

மழை வலுத்தால் நம் குமரி மாவட்டத்தில் யாரும் சொல்லாமலே உதவிப் பொருள் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். 2017 ஒக்கிப் புயலின்போதும் 2021 நவம்பர் வெள்ளத்தின்போதும் அதைப் பார்த்தோம். இப்போது அரிசி, பாய், போர்வையோடு நாய், பூனைத் தீனியும் சிலர் கொடுக்கிறார்கள். கால்நடை மருத்துவராக எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. வீட்டில் அரிசி குறைந்தால் முதலில் குறைவது நாயின் பங்குதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். 'நாய்க்குத்தானே' என்று மிஞ்சியதைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. பிரித்த தீனிப் பையும், பழைய அரிசியும், ரொட்டியும் சீக்கிரம் பூத்துவிடும். சில பூஞ்சைகளால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு நாயின் ஈரலைத் தாக்கும். வேகவைத்தாலும் அது போகாது. தீனி எடுக்காமல், வாந்தியோடு, கண்ணும் ஈறும் மஞ்சளாகி வரும் நாயைப் பிழைக்க வைப்பது மிகவும் கஷ்டம். ஆகவே பிரிக்காத பை, காலாவதித் தேதி தெரியும்படி. பெரிய மூட்டையைப் பிரித்துச் சின்னக் கவர்களில் கட்டுவதை விட, சிறிய பாக்கெட்டுகளாகவே வாங்கிக் கொடுங்கள்.

சோறும் சாளைமீனும் தின்று வளர்ந்த நாய்க்குத் திடீரென்று கடைத் தீனியை மட்டும் வைத்தால் வயிற்றுப்போக்கு வரும். பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்றச் சொல்லுங்கள். பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளைகள் இந்த ஒரு வார்த்தையைச் சொன்னாலே போதும். பூனைக்கு நாய்த் தீனி போதாது. அதற்கு டாரின் என்ற சத்து உணவிலேயே கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும்.

வீட்டுப் பொருட்களைப் பொறுத்தவரை, என்ன தேவை என்று முதலில் போன் செய்து கேளுங்கள். முதியோர் இல்லத்தில் அரிசியை விடப் பெரியவர்களுக்கான டயப்பர்தான் அவசரத் தேவையாக இருக்கலாம். சோப்பையும் அரிசியையும் ஒரே பையில் போட வேண்டாம், வாடை ஏறிவிடும்.

விலங்குக் காப்பகங்களுக்குப் பழைய போர்வை, சாக்கு, செய்தித்தாள் எல்லாம் உதவும். பூனைகள் இருந்தால் ஃபினாயில் மட்டும் வேண்டாம். அதிலுள்ள பினால் வகைப் பொருளைப் பூனையின் ஈரலால் சரியாகக் கையாள முடியாது. அலமாரியிலிருந்து எடுத்த துணி என்றால், மடிப்புக்குள் அந்துருண்டை இருக்கிறதா என்று உதறிப் பார்த்து, துவைத்து வெயிலில் உலர்த்திக் கொடுங்கள். நாயோ பூனையோ அந்துருண்டையை விழுங்கினால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும்.