உருவகப்படுத்தியா, ஒத்திகைக் கருவியா?

தேஜஸ் போர்விமானம் பற்றிய செய்திகளில் ‘விமான உருவகப்படுத்தி’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. விமானிகள் தரையிலிருந்தபடியே பறக்கப் பழகும் சிமுலேட்டரைத்தான் அப்படி எழுதுகிறார்கள். சென்ற வாரம் மூன்றாவது முறையாகப் படித்தபோது பொறுக்க முடியவில்லை.

வேர் இலத்தீன். ‘சிமிலிஸ்’ என்றால் போன்றது. ‘சிமுலாரே’ என்றால் போலச் செய்வது. 1929இல் அமெரிக்காவின் எட்வின் லிங்க், ஆர்கன் இசைக்கருவியின் துருத்திகளைக் கொண்டு, விமானம் போலச் சாய்ந்து திரும்பும் பயிற்சிப் பொறியைச் செய்தார். ‘போல’ என்பதுதான் இச்சொல்லின் உயிர்.

உருவகத்திலோ அந்தப் ‘போல’வுக்கு இடமே இல்லை. ‘மதி போன்ற முகம்’ உவமை, ‘முகமதி’ உருவகம். உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து இரண்டையும் ஒன்றாக்குவதே உருவகம் என்கிறது தண்டியலங்காரம். அப்படியானால் ‘உருவகப்படுத்தி’ என்பவர், அந்தப் பொறியும் விமானமும் ஒன்றே என்கிறார். ஒன்றா?

தேஜஸ், பிரான்சின் மிராஜ் 2000 ஆகிய இரண்டு போர்விமானங்களுக்கும் முக்கோண இறக்கை. வாலில் கிடைமட்டச் சிறகு கிடையாது. தரையிறங்கும்போது மூக்கை நன்றாக உயர்த்தி வரும். இறுகத் திரும்பினால் இறக்கையின் முன்விளிம்பில் எழும் சுழல்காற்று தூக்கிப் பிடிக்கும். கூடவே காற்றின் இழுவை ஏறி, வேகம் மளமளவென்று குறையும். இதையெல்லாம் திரையில் துல்லியமாகக் காட்டலாம். ஆனால் மிராஜ் கடுமையாகத் திரும்பும்போது உடலின் எடை ஒன்பது மடங்குவரை ஆகும். தலையிலிருந்து இரத்தம் இறங்கிப் பார்வை மங்கும். பயிற்சிப் பொறியைத் தாங்கி ஆறு கால்களில் ஆடும் மேடை ஓரிரு நொடி சாய்ந்து உடலை நம்பவைக்குமே தவிர, அந்தப் பாரத்தைத் தொடர்ந்து தராது. பொறியில் தவறு செய்தவர் மறுபடி தொடங்கலாம். வானில் அது நடக்காது. வேற்றுமை ஒழியவே இல்லை.

‘போலி விமானம்’ இன்னும் மோசம். போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று மோசடிக்கே பழகிவிட்ட சொல் அது. ‘பாவனைக் கருவி’ என்றாலோ, இலங்கைத் தமிழில் பாவனை பயன்பாட்டைக் குறிப்பதால், யாழ்ப்பாணத்து வாசகர் வேறு பொருள் கொள்வார்.

நம்மிடம் ‘ஒத்திகை’ இருக்கிறது. நாடக ஒத்திகை, பேரிடர் ஒத்திகை என்று நாள்தோறும் வழங்கும் சொல். நிகழ்ச்சி வேறு, ஒத்திகை வேறு என்பது குழந்தைக்கும் தெரியும். ‘பறப்பு ஒத்திகைக் கருவி’ என்றால் விளக்கமே வேண்டாம். ‘ஒத்திகை விமானம்’ என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது. குடியரசு நாள் ஒத்திகையில் உண்மை விமானங்களே பறக்கின்றன.

வானிலையைக் கணினியில் கணித்துப் பார்ப்பதும் சிமுலேஷன்தான், அது ஒத்திகை ஆகாதே என்பார்கள். ஆகாதுதான். அங்கே ‘ஒப்புருவாக்கம்’ எழுதுங்கள். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்ற பிடிவாதமே பாதிக் கேட்டுக்குக் காரணம். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டும் அவசரம் மீதிப் பாதி. டெல்டா இறக்கையைக் ‘கழிமுக இறக்கை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். டெல்டா முக்கோண வடிவக் கிரேக்க எழுத்து. ஆற்று முகத்துக்கும் இறக்கைக்கும் பெயர் அந்த எழுத்திலிருந்து வந்தது. ஆற்றிலிருந்து இறக்கைக்குப் போகவில்லை. கோவைக்கு அருகே விமானப்படைத் தளம் உள்ள சூலூரில் தலைக்கு மேல் தேஜஸ் போவதைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளை ‘முக்கோண இறக்கை’ என்றதும் கண்டுகொள்வான். கழிமுகம் என்றால் வானத்தில் அவன் எதைத் தேடுவான்?