510 மதிப்பெண்ணும் இரண்டு கட்-ஆஃப்களும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்தவுடன் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து உயர்கல்வி ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் 600க்கு எவ்வளவு என்ற ஒரே எண்ணுடன்தான் வருகிறார்கள். பங்காளி வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் போதும். கல்லூரிச் சேர்க்கைக்குப் போதாது.

பொறியியல் கலந்தாய்வில் கணக்குப் பாடத்தின் 100 மதிப்பெண் முழுமையாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் பாதியாகவும் சேர்க்கப்பட்டு, 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. 510 பெற்ற இரு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் கணக்கில் 88, இயற்பியலில் 90, வேதியியலில் 80 பெற்றிருந்தால் அவருடைய கட்-ஆஃப் 173. மற்றவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொண்ணூறைத் தொட்டு, கணக்கில் 72, இயற்பியலில் 80, வேதியியலில் 82 பெற்றிருந்தால் கிடைப்பது 153. இருபது மதிப்பெண் வேறுபாடு என்பது தரவரிசையில் பல்லாயிரம் இடங்கள் பின்தங்குவதாகும். அதே இரண்டாமவர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலத்துக்கு விண்ணப்பித்தால் முந்திவிடுவார். ஏனெனில் அங்கே மொழிப் பட்டப்படிப்புகளுக்கு அந்த மொழிப்பாடத்தின் மதிப்பெண்ணும், ஏனைய படிப்புகளுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணும் பார்க்கப்படுகின்றன.

இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 போக எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்குத்தான். கணக்கிலோ எழுத்துத் தேர்வே 90. கட்-ஆஃபில் இரட்டிப்பு எடை உள்ள பாடத்தில்தான் கைகொடுக்கச் செய்முறைத் தேர்வும் இல்லை என்பதால், பொறியியலை எண்ணியிருக்கும் மாணவர் பதினொன்றாம் வகுப்புக் கணக்கை ஒப்புக்குப் படித்துவிட்டுப் பன்னிரண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பது ஆபத்தானது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் முற்றிலும் வீணாவதில்லை. கட்-ஆஃப் சமமாகி, கணக்கு, இயற்பியல் போன்ற ஒப்பீடுகளிலும் முடிவு எட்டாதபோது அதையும் பார்க்கிறார்கள்.

மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் தேர்வே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ஆனாலும் பிளஸ் ஒன்னில் உயிரியல் இல்லாத பிரிவை எடுத்துவிட்டுப் பின்னர் நர்சிங் கேட்டு வருவோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளையை, கடன் வாங்கியாவது பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது. பள்ளி மாறும் அந்த நாளிலேயே பிள்ளை அந்த உரிமையை இழக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், தனியார் பள்ளியில் கூடுதலாகக் கிடைக்கலாம் என்று நம்பும் சில மதிப்பெண்கள் மிகவும் விலை உயர்ந்தவை.

ஆகவே மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும் முன், பிள்ளை விரும்பும் படிப்புக்கு எந்தப் பாடங்கள் கணக்கில் வருகின்றன என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பொறியியல் என்றால், திருப்பரங்குன்றத்துத் தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற நீங்கள் நினைக்கும் கல்லூரியில் முந்தைய ஆண்டு எந்தப் பாடப்பிரிவு, எந்த இனப்பிரிவினருக்கு, எந்தக் கட்-ஆஃபில் நிரம்பியது என்ற பட்டியலையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள்.