நீலம் மட்டும் ஏன் மிஞ்சுகிறது? காமிக்ஸ் அச்சுப்படமும் அதைக் காக்கும் படச்சட்டமும்

வெயில் விழும் சுவரில் பல மாதங்கள் ஒட்டியிருந்த ஒரு சுவரொட்டியை நினைத்துப் பாருங்கள். சிவப்புச் சட்டை வெளிறிப்போயிருக்கும். மஞ்சள் எழுத்துகள் இருந்த இடமே தெரியாது. முகங்களெல்லாம் நீலம் பாரித்திருக்கும். எந்த ஊரில் அச்சிட்டதானாலும் வெயில் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நிறங்களைப் பறிக்கிறது: மஞ்சளும் சிவப்பும் முதலில் போகின்றன, நீலமும் கறுப்பும் கடைசிவரை நிற்கின்றன. காமிக்ஸ் ஓவியத்தின் அச்சுப்படத்தை ஆசையோடு வாங்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறவர் வீட்டிலும் இதே வினை நடந்துகொண்டிருக்கிறது, சற்று மெதுவாக. எவ்வளவு மெதுவாக என்பதைச் சட்டம் போட்ட விதமும் மாட்டிய இடமும் தீர்மானிக்கின்றன.

நான்கு நிற அச்சில் சயான் என்னும் பசுநீலம், மஜெந்தா என்னும் ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளே எல்லா நிறங்களையும் உண்டாக்குகின்றன. ஒரு மை மஞ்சளாகத் தெரிகிறதென்றால், வெள்ளொளியில் உள்ள நீலத்தை அது விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். மஜெந்தா பச்சை ஒளியை விழுங்கும். சயான் சிவப்பு ஒளியை விழுங்கும். நீல ஒளியின் ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், ஏறத்தாழ 2.75 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலைச் சுமக்கிறது, சிவப்பு ஒளியின் ஃபோட்டானோ 1.9 அளவில்தான். ஆக, மஞ்சள் மையின் மூலக்கூறுகள் நாள் முழுவதும் வலுவான அடிகளை வாங்குகின்றன. அப்படிக் கிளர்ச்சியுற்ற மூலக்கூறு பக்கத்தில் உள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்தால், நிறத்தைத் தருகிற பிணைப்புத்தொடர் ஓரிடத்தில் அறுகிறது. அறுந்த மூலக்கூறுக்கு நிறம் கிடையாது. அதைத் திரும்பப் பிணைக்க எந்த நிபுணராலும் முடியாது.

சயானின் உறுதிக்கு அதன் கட்டமைப்பும் காரணம். அந்த மையில் இருப்பது காப்பர் தாலோசயனின். 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் இருந்த சாயத் தொழிற்சாலையில், வேறொரு பொருளைத் தயாரிக்கும்போது எதிர்பாராமல் ஒரு நீல மாசு தென்பட்டது. அதை ஆராயப் போய்ப் பிறந்த நிறமிக் குடும்பம் இது. 1935இல் தாமிரம் சேர்ந்த வடிவம் சந்தைக்கு வந்தது. நடுவில் ஒரு தாமிர அணு, அதைச் சுற்றி நைட்ரஜனும் கார்பனும் கோத்த மூடிய வளையம். இலைகளின் பச்சையத்திலும் நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினிலும் இதற்கு நெருங்கிய உறவான வளையங்கள் உண்டு. ஆனால் தாலோசயனின் அவற்றைவிட எவ்வளவோ உறுதியானது. வெப்பம், அமிலம், ஒளி மூன்றையும் தாங்கும். கறுப்பு மையில் இருப்பதோ வெறும் கரி. ஒளியால் சிதைவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

வாங்கும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கிருந்து வருகிறது: இது என்ன மை? காமிக்ஸ் விழாக்களில் கையொப்பத்தோடு விற்கும் மலிவான சுவரொட்டிகள் பெரும்பாலும் ஆஃப்செட் அச்சு. அவற்றின் மெல்லிய மஞ்சள், மஜெந்தா படலங்கள் வெயிலுக்குத் தாங்குவதில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் காமிக்ஸ் ஓவியங்களைத் திரை அச்சில் சிறு பதிப்புகளாக வெளியிடும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. பட்டுத்துணி போன்ற வலைத்திரை வழியே ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அழுத்தி எடுப்பதால் மை தடிமனாகப் படிகிறது. நல்ல நிறமியைத் தேர்ந்திருந்தால் அது நெடுங்காலம் நிற்கும். மூன்றாவது, இப்போது பரவலாகியிருக்கும் ஜிக்லே என்னும் உயர்தர இங்க்ஜெட் அச்சு. 1990களின் தொடக்கத்தில் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தபோது பயன்பட்டவை சாய மைகள். அந்தக் காலப் படங்கள் பல, சில ஆண்டுகளிலேயே மங்கின. சாயம் என்பது கரைந்துபோன தனித்தனி மூலக்கூறுகள், ஒவ்வொன்றும் ஒளிக்கும் காற்றுக்கும் நேராக அகப்படும். நிறமி என்பது பல மூலக்கூறுகள் இறுகிய திடத்துகள். வெளியே இருப்பவை சிதைந்தாலும் உள்ளே இருப்பவை பிழைக்கும். இன்று தரமான ஜிக்லே அச்சுகள் நிறமி மையில் வருகின்றன. விற்பவர் "நிறமி மை" என்று எழுதிச் சொல்லாவிட்டால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பதிப்பு எண்ணையும் கையொப்பத்தையும் ஓவியர்கள் பென்சிலில் போடுவதிலும் ஓர் அறிவு இருக்கிறது. பென்சில் முனையின் கிராஃபைட்டும் கார்பன்தான்; அது மங்காது, ஈரத்தில் கசியாது. மார்க்கர் பேனாவில் போட்ட பல கையொப்பங்கள் ஓவியத்துக்கு முன்பே மறைந்துவிடுகின்றன.

மைக்கு அடுத்தது காகிதம். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் தொடக்ககால இதழ்களைப் பாதுகாப்பவர்களுக்கு அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் நன்றாகத் தெரியும். மரத்தை அரைத்துச் செய்யும் செய்தித்தாள் காகிதத்தில், செல்லுலோஸ் நார்களோடு லிக்னினும் கூடவே தங்கிவிடுகிறது. மரத்தில் நார்களைக் கட்டிப்போட்டு விறைப்பைக் கொடுப்பது அதுதான். காகிதத்தில் அது ஒளியும் ஆக்சிஜனும் பட்டு மஞ்சளாகிறது, போகப்போக அமிலங்களையும் விடுவிக்கிறது. இன்னோர் அமிலம் தயாரிப்பிலேயே நுழைந்தது. மை கசியாமல் இருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்க்கும் முறையை 1807இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃபிரீட்ரிக் இல்லிக் வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உலகக் காகிதத்தில் பெரும்பகுதி அப்படித்தான் உருவானது. படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளை இடையிடையே வெட்டுகிறது. மடித்தால் காகிதம் நொறுங்குவது அதனால்தான்.

இன்று நல்ல அச்சுப்படங்கள் பருத்தி நார்க் காகிதத்திலோ லிக்னின் நீக்கிய கூழிலோ வருகின்றன. அவற்றில் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். வருகிற அமிலத்தை அது நடுநிலையாக்கும். நிலைத்திருக்கும் காகிதத்துக்கான ஐ.எஸ்.ஓ. 9706 தரம், குறைந்தது 2 சதவீதக் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான கார இருப்பு வேண்டும் என்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பிரேம் போடும் கடைக்குப் போனால் பேச்சு முழுவதும் முன்பக்கத்தைப் பற்றியே இருக்கும்: எந்த மரம், எந்தப் பூவேலை, என்ன கண்ணாடி. என் கருத்தில் முதலில் பேச வேண்டியது பின்பக்கத்தைப் பற்றி. நம் ஊரில் சாமிப் படத்துக்கும் குடும்பப் படத்துக்கும் காலங்காலமாகச் சட்டம் போடுகிற முறை என்ன? படத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, பின்னால் ஹார்ட்போர்டோ பழைய அட்டைப்பெட்டித் துண்டோ வைத்து, ஆணி அடித்து, விளிம்பில் பழுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். ஹார்ட்போர்டு முழுக்க மரநார், லிக்னின் நிறைந்தது. அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளை அது தொடர்ந்து வெளியிடுகிறது. மூடிய சட்டத்துக்குள் அந்த ஆவிகளுக்குப் போக வேறு இடமில்லை, படத்தின் காகிதத்துக்குள்தான் போகும். அட்டைப்பெட்டியின் நெளிவட்டை வைத்த இடங்களில் அதன் வரிகளுக்கு நேராகவே படத்தின் முதுகில் பழுப்புக் கோடுகள் விழுவதைக் காணலாம். நூறு ஆண்டு தாங்கும் பருத்திக் காகிதத்தை வாங்கி இப்படி அமிலத்தோடு பூட்டிவைப்பது எனக்கு வேதனையான காரியம்.

படத்தைச் சுற்றிக் கரைபோல முன்னால் வைக்கிற அட்டையான மவுண்ட் போர்டிலும் இதே சிக்கல். மலிவான போர்டின் நடுப்பகுதி மரக்கூழ். அதில் ஜன்னல்போல் வெட்டிய சரிவான விளிம்பு சில ஆண்டுகளில் பழுப்பாகும். அந்தப் பழுப்பு படத்தின்மேலும் இறங்கி ஒரு கட்டம் வரைந்துவிடும். பருத்தி நாரில் செய்த அமிலமற்ற போர்டுக்கு விலை கூடுதல்தான், ஆனால் விலையுயர்ந்த சட்டத்துக்குக் கொடுப்பதை இதற்குக் கொடுக்கலாம். கடைக்காரர் "அமிலமற்றது" என்று சொல்வதைச் சோதிக்க ஒரு பேனா உண்டு. அமிலத்தைப் பொறுத்து நிறம் மாறும் குளோரோஃபீனால் ரெட் என்னும் காட்டி அதில் நிரம்பியிருக்கும். போர்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டால், ஊதாவானால் அமிலம் இல்லை, மஞ்சளாகவே நின்றால் அமிலம் இருக்கிறது. லிக்னின் இருப்பதை இது காட்டாது என்பதையும் மறக்கக் கூடாது. கோடு அழியாது, ஆகவே ஓவியத்தின்மேல் போட்டுவிடாதீர்கள்.

மவுண்ட் போர்டு வெறும் அழகுக்கான கரை அன்று. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அது சில மில்லிமீட்டர் காற்றிடத்தை உண்டாக்குகிறது. சென்னை, நாகப்பட்டினம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் குளிரூட்டியை இயக்குவதும் நிறுத்துவதுமாக இருக்கும் அறைகளில் கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் படியலாம். படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மை இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஓவியத்தின் ஒரு பகுதி கண்ணாடியோடு போய்விடும்.

அடுத்து, படத்தைப் போர்டில் எப்படி நிறுத்துவது? காகித நார் ஈரத்தை உறிஞ்சும்போது நீளவாக்கில் சொற்பமாகவும் அகலவாக்கில் மிக அதிகமாகவும் விரிகிறது. இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதால், மழைக்காலத்தில் தாள் ஒரு பக்கமாகவே அதிகம் விரியும். நான்கு ஓரமும் ஒட்டப்பட்டிருந்தால் விரிய இடமில்லாமல் அலை அலையாக எழும்பும். அருங்காட்சியகங்களில் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சிறு கீல்கள் வைத்துத் தொங்கவிடுகிறார்கள். ஜப்பானின் கோஸோ மரப்பட்டை நாரில் செய்த மெல்லிய தாள்தான் கீல்; கோதுமை மாவிலிருந்து புரதத்தை நீக்கி எடுத்த ஸ்டார்ச்தான் பசை. தண்ணீர் தொட்டால் அது விட்டுவிடும். சட்டம் கீழே விழுந்தால் முதலில் கிழிய வேண்டியது கீல், படம் அன்று. அதனால் கீல் தாள் படத்தைவிட வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் அறிவு எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டிலேயே செய்ய விரும்புகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி, பாலியெஸ்டரில் செய்த முக்கோண மூலைப்பைகள். படத்தில் பசையே படாது. செலோடேப்பை மட்டும் அண்டவிடாதீர்கள். அதன் ரப்பர் பசை முதலில் கசிந்து காகித நார்களுக்குள் இறங்குகிறது, பிறகு ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகி இறுகுகிறது. டேப் உதிர்ந்த பிறகும் கறை நிற்கும்.

கண்ணாடியைப் பற்றி விளம்பரங்கள் மிகுதியாகவே சொல்கின்றன. சாதாரணச் சன்னல் கண்ணாடி, அலைநீளம் ஏறத்தாழ 320 நானோமீட்டருக்குக் குறைவான புறஊதாவைத் தடுத்துவிடுகிறது. அதற்கு மேல் 400 வரையுள்ளதில் பெரும்பகுதி உள்ளே நுழைகிறது. புறஊதாவை வடிகட்டும் கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ அதில் 97 முதல் 99 சதவீதம் வரை தடுக்கும். வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஆனால் மேலே சொன்ன மஞ்சள் மையை அடிப்பது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியும்தான். அதைத் தடுத்தால் படத்தின் நிறங்களே மாறித் தெரியும். எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியானாலும் மங்கலைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. இன்னொன்று: வெண்மைக்காக ஒளிர்பொருள் சேர்த்த காகிதங்கள் புறஊதாவை வாங்கி நீலமாக ஒளிர்வதாலேயே அவ்வளவு வெள்ளையாகத் தெரிகின்றன. வடிகட்டும் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் காகிதம் சற்று மங்கலாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம்.

ஒளியின் சேதம், பின்னோக்கிச் சுழலாத மின்மீட்டரைப்போல ஏறிக்கொண்டே போகும் கூட்டல். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் வரும் எண்ணை மணிநேரத்தால் பெருக்க வேண்டும். காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வழக்கமான வரம்பு 50 லக்ஸ். நாளுக்கு 8 மணிநேரம், ஆண்டு முழுவதும் என்றால் 1,46,000 லக்ஸ் மணி. நேர்வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அருங்காட்சியகத்தில் ஓர் ஆண்டு வாங்கும் ஒளியை வெயில் விழும் சுவரில் ஒன்றரை மணிநேரத்தில் உங்கள் படம் வாங்கிவிடும். புறஊதாவைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு. வெயில் படாத, ஆனால் சன்னல் வெளிச்சம் தாராளமான அறையில் 500 லக்ஸ், 12 மணிநேரம் என்று வைத்தால் 24 நாளில் அதே அளவு. இந்த எண்களைப் பார்த்தபின் வாங்கிய அத்தனை படங்களையும் நிரந்தரமாகச் சுவரில் வைத்திருக்க எனக்கு மனம் வராது.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இதற்குச் சாட்சி இருக்கிறது. வில்லியம், ஜான் ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921இல் ஏறத்தாழ 6,500 ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களை, ஒருபோதும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அதற்குக் கொடுத்தார்கள். அந்த அச்சுகளில் வரும் பூச்சாற்று நீலமும் ஊதாவும் மிக விரைவில் வெளிறுபவை; மற்ற இடங்களில் அவை பழுப்பாகவும் சாம்பலாகவும் மாறிவிட்டன, இங்கே அச்சிட்ட நாளின் நிறத்தோடு இருக்கின்றன. படத்தை யாரும் பார்க்கவே கூடாது என்பதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் முறை வைத்து மாற்றலாம். ஒரே அளவில் மூன்று சட்டங்களுக்கு ஒன்பது படங்கள் வைத்துக்கொண்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒளி மூன்றில் ஒன்றாகிறது, சுவரும் புதிதாகிறது. மாட்டாத படங்களைப் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டையோடு படுக்கையாக வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், அதை வளைய வைக்கச் சேர்த்த இளக்கிகள் கசிந்து மையைப் பெயர்க்கும்.

மாட்டும் சுவர் உள்சுவராக இருக்கட்டும். மழையில் நனையும் வெளிச்சுவர் ஈரத்தைக் கடத்தும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்கு வழி திறக்கும். ராமபாணப் பூச்சிக்கும் ஈரமான இருட்டும் மாவுப்பசையும் போதும். சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டுகளை ஒட்டிச் சுவரிலிருந்து கொஞ்சம் விலக்கிவைத்தால் பின்னால் காற்று ஓடும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அட்டையில் புள்ளிகளோ பூச்சித்துகளோ தெரிந்தால் படத்தை உடனே வெளியே எடுத்துவிட்டு அட்டையை மாற்ற வேண்டும்.