ஐ7 என்றால் எந்த ஐ7? – 20,000 ரூபாய்க்குள் டெஸ்க்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு

சில மாதங்களுக்கு முன் ஒரு ஆட்டோக்கார அண்ணன், ஆட்டோவின் பின்சீட்டில் கம்ப்யூட்டரை வைத்து என் சர்வீஸ் கடைக்குக் கொண்டு வந்தார். மகள் பி.காம். சி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறாள். வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது, ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து அப்படியே நிற்கிறது என்றார். "ஐ7 சார். மானிட்டரோட சேர்த்து பதினாலாயிரத்து ஐந்நூறு. விளம்பரம் பார்த்து வாங்கினேன். ஐ5-ஐ விட ஐ7 பெருசுதானே?"

கேபினெட்டைத் திறந்தேன். உள்ளே இருந்த பிராசஸர் (கம்ப்யூட்டரின் மூளை) ஐ7தான், பொய்யில்லை. ஆனால் ஐ7-2600. இன்டெல் நிறுவனம் அதை வெளியிட்டது 2011 ஜனவரியில். அந்தப் பெண் அப்போது எல்கேஜி சேர்ந்திருந்தாலே அதிகம். மதர்போர்டில் எச்61 என்ற சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு), அதுவும் அதே காலத்தது; போர்டில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. ரேம் டிடிஆர்3, அதுவும் பழைய வகை. பெயர் தெரியாத 128 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வரும் வேகமான சேமிப்பகம்) ஒன்று செத்துப் போயிருந்தது. எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) பெட்டியில் 450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். கழற்றிக் கையில் எடுத்தால் வெறும் தகர டப்பா மாதிரி எடையே இல்லை. சார்ஜர் ஒயர் கனத்தில் ஒயர்கள்.

அவரிடம் இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. சீட்டுப் பணம் எடுத்து வாங்கியிருக்கிறார். இதே மாதிரிப் பெட்டிகள் மாதத்துக்கு மூன்று, நான்கு என் மேசைக்கு வருகின்றன. வாங்குகிற எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஐ5-ஆ, ஐ7-ஆ?" கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. எத்தனாவது தலைமுறை என்று கேட்க வேண்டும்.

ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே வருடத்தில் வந்த பிராசஸர்களுக்குள் இருக்கும் வரிசை. பஸ்ஸில் சாதா, டீலக்ஸ் என்று இருப்பது மாதிரி. பதினைந்து வருடத்துக்கு முந்தைய டீலக்ஸ் பஸ்ஸை இன்றைய சாதா பஸ் முந்திவிடும். 2022-ல் வந்த ஐ3-12100, அந்த ஐ7-2600-ஐ விட இரண்டு மடங்குக்கு மேல் வேலை செய்யும். 2017-ல் வந்த ஐ3-8100கூட அந்த ஐ7-க்கு ஈடுகொடுக்கும். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. யூடியூப் இன்று வீடியோக்களை அனுப்பும் விபி9, ஏவி1 போன்ற வடிவங்களை விரிப்பதற்கான தனிப் பகுதி அந்தப் பழைய சில்லுக்குள் கிடையாது. எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில் விழுகிறது. வகுப்பு வீடியோ ஓடும்போது ஃபேன் உறுமுவதும், பக்கத்தில் எக்செல் திறந்தால் இழுப்பதும் அதனால்தான்.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். பெயரில் உள்ள சின்னக் கோட்டுக்கு (-) அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8500 என்றால் எட்டு. ஐ3-12100 என்றால் பன்னிரண்டு. ஐ7-2600 என்றால் இரண்டு. ஐ7-870 மாதிரி மூன்றே இலக்கம் இருந்தால் முதல் தலைமுறை, தொடவே வேண்டாம். விற்பவர் "ஐ7, 8 ஜிபி, 500 ஜிபி" என்று மட்டும் சொல்லி முழு எண்ணைச் சொல்லவில்லை என்றால், நீங்கள் விடாமல் கேளுங்கள். முழு எண்ணை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கடையில் நேரில் பார்த்தால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். மேல் வலது மூலையில் முழுப் பெயரும் இருக்கும். அரை நிமிட வேலை.

நான் எட்டாம் தலைமுறையை எல்லைக் கோடாக வைத்துக்கொள்வேன், அதற்குக் கீழே வேண்டாம். காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் நிபந்தனைப்படி இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். அந்த ஆட்டோக்கார அண்ணன் வாங்கியதிலும் விண்டோஸ் 11 இருந்தது. நிபந்தனையைச் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டாலும் ஓடும். ஆனால் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு முறையும் யாராவது கையால் போட வேண்டும். நெட் பேங்கிங் பார்க்கிற, காலேஜ் ஃபீஸ் கட்டுகிற மெஷினில் அந்த நிலைமை வேண்டாம்.

சரி, 20,000 ரூபாய்தான் இருக்கிறது, என்ன செய்வது? என் பதில் பல வருடமாக ஒன்றுதான்: பெரிய கம்பெனிகளில் ஓடித் திரும்பிய பிராண்டட் டெஸ்க்டாப். ஐ.டி. கம்பெனிகளும் வங்கிகளும் டெல், ஹெச்பி, லெனோவோ மெஷின்களை மூன்று, நான்கு வருட லீஸில் எடுக்கின்றன. லீஸ் முடிந்ததும் அவை லாட் லாட்டாக வியாபாரிகளிடம் வருகின்றன. சென்னை ரிச்சி தெருவிலிருந்து எங்கள் திண்டுக்கல் வரை கடைகளில் 'ரீஃபர்பிஷ்டு' என்று விற்பதில் பெரும்பகுதி இதுதான். ஏசி அறையில், சீரான மின்சாரத்தில் ஓடியவை. போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தந்த நிறுவனமே தந்தவை. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள பெட்டி 15,000-ஐ ஒட்டிக் கிடைத்துக்கொண்டிருந்தது. ரேம் விலை ஏறியதால் இப்போது கடைக்குக் கடை மாறுகிறது.

இங்கேயும் ஒரு எண்ணில் ஏமாறலாம். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3050 ஏழாம் தலைமுறை, 3060 எட்டாம் தலைமுறை. ஹெச்பி புரோடெஸ்க் 600-ல் ஜி3 ஏழு, ஜி4 எட்டு. லெனோவோ திங்க்சென்டரில் எம்710 ஏழு, எம்720 எட்டு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையில் இருக்கும். விலையிலும் ஆயிரம், இரண்டாயிரம்தான் வித்தியாசம் சொல்வார்கள். அந்த இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். அதில்தான் விண்டோஸ் 11 இருக்கிறது. டெல் என்றால் பெட்டியின் மேல் சர்வீஸ் டேக் எண் இருக்கும். டெல் இணையதளத்தில் அதைப் போட்டால் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, முதலில் என்னென்ன பாகங்கள் இருந்தன என்று தெரிந்துவிடும்.

இந்த மெஷின்களில் எனக்கு மிகவும் பிடித்தது லைசென்ஸ். விண்டோஸ் 10 புரோவோடு வந்த பெட்டியில் அந்த லைசென்ஸ் சாவி பெரும்பாலும் பயாஸிலேயே (போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) பதிந்திருக்கும். விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டு இணையத்தோடு இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கிராக் (திருட்டு ஆக்டிவேஷன்) தேவையே இல்லை. கடைக்காரர் ஏற்கெனவே போட்டுத் தந்திருந்தால் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் நல்லது. "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்" மூலம் என்கிற பொருளில் இருந்தால், வீட்டுக்கு வாங்கும் மெஷினில் அநேகமாகக் கிராக்தான். ஆக்டிவேட்டர் மென்பொருளை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில் உள்ளே என்ன வந்து உட்கார்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்டு திருடுபோய் என்னிடம் வந்தவர்கள் உண்டு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பிராண்டட் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ் அளவும் அதன் இணைப்பு முனைகளும் தனி. கெட்டுப்போனால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, அதே மாடலைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டி என்றால் முழு உயர கிராஃபிக்ஸ் கார்டு உள்ளே போகாது. பின்னாளில் கேம், வீடியோ எடிட்டிங் என்று எண்ணம் இருந்தால் உயரமான டவர் பெட்டியாகக் கேளுங்கள்.

ஸ்டோரேஜில் எனக்குச் சமரசமே கிடையாது: எஸ்எஸ்டி. 500 ஜிபி ஹார்டு டிஸ்க் பெரிதாகத் தெரியும். அதில் விண்டோஸ் வந்து நிற்கவே இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். 256 ஜிபி எஸ்எஸ்டியில் டீ ஆற்றும் நேரம்கூட ஆகாது. பழைய எஸ்எஸ்டியோ ஹார்டு டிஸ்க்கோ இருந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். 40,000 மணிநேரம் என்றால், நிறுத்தாமல் நாலரை வருடம் ஓடியதற்குச் சமம். அதில் மகளின் பிராஜெக்ட்டை நம்பி வைக்க முடியாது. ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

ரேம் 8 ஜிபி குறைந்தபட்சம். இங்கே ஒரு சின்ன நுணுக்கம்: இரண்டு ஸ்லாட் உள்ள போர்டில் 4+4 ஆகப் போட்டிருந்தால் பின்னால் கூட்டும்போது இரண்டையும் கழற்ற வேண்டியிருக்கும். ஒரே 8 ஜிபி குச்சியாகக் கேளுங்கள், ஒரு ஸ்லாட் காலியாக இருக்கட்டும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே உற்பத்தி போகிறது. குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் ரேமோடு சேர்ந்து வரும் பழைய டிடிஆர்4 பெட்டி இப்போது இன்னும் லாபம்.

புதிதாகத்தான் அசெம்பிள் செய்ய வேண்டும், பட்ஜெட்டும் கொஞ்சம் கூடும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐ3-12100 வேறு, ஐ3-12100எஃப் வேறு. எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் படமே வராது. விலை குறைவு என்று இதைக் காட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு பழைய கார்டைச் சொருகித் தருகிறார்கள். ஏஎம்டியில் 5600ஜி மாதிரி ஜி என்று முடிவது கிராஃபிக்ஸ் உள்ளது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கியவர்கள், போர்டு போனபோது வாரண்டிக்குக் காட்ட ஒன்றும் இல்லாமல் நின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் பலருக்குத் தெரிகிறது, டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் வைஃபை இருக்காது என்று. கேமரா, மைக், ஸ்பீக்கரும் தனி. ஆன்லைன் வகுப்புக்கு என்றால் இவற்றுக்கும் ஆயிரம், இரண்டாயிரம் ஒதுக்க வேண்டும். அதுவரை போனைக் கேபிளில் சொருகி யுஎஸ்பி டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும். வீட்டில் பழைய மானிட்டர் இருந்தால் அதன் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கம்பெனிப் பெட்டிகள் பலவற்றில் டிஸ்பிளே போர்ட் மட்டும்தான் இருக்கும், நீல நிற விஜிஏ கேபிளுக்குக் கன்வெர்ட்டர் வேண்டும்.

இதெல்லாம் எட்டாத பட்ஜெட்டும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாலாம், ஆறாம் தலைமுறை பிராண்டட் பெட்டியை வாங்கி எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) ஏற்றுங்கள். பிரௌசர், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 டைப்பிங் எல்லாம் நன்றாக ஓடும், அப்டேட்டும் ஒழுங்காக வரும். டேலி, பேஜ்மேக்கர் என்று விண்டோஸை நம்பிய வேலை இருந்தால் மட்டும் இது ஒத்துவராது.

அந்த அண்ணனின் மகளுக்கு டேலி வேண்டும். அதனால் அவருடைய மானிட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, எட்டாம் தலைமுறை ஐ5 பெட்டி ஒன்றை மூன்று தவணையில் கொடுத்தேன். பழைய ஐ7-க்கு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் சின்ன எஸ்எஸ்டியும் போட்டு லினக்ஸ் ஏற்றினோம்; அவர் தம்பி பையன் அதில் பாடம் பார்க்கிறான்.

புதுப் பெட்டியை மாட்ட நானே வீட்டுக்குப் போனேன். கேபினெட்டைத் தொட்டதும் சுர்ரென்று இழுத்தது. அந்தப் பெண் சொன்னாள், "பழசுலயும் இப்படித்தான் அண்ணா, செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் உட்காருவேன்." பிளக் பாயிண்டைக் கழற்றினோம். மூன்றாவது ஓட்டையில் எர்த் ஒயரே இணைக்கவில்லை. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டைத் தாண்டினாலே நான் மெஷினை ஆன் செய்ய மாட்டேன். எலெக்ட்ரீஷியன் மறுநாள் வந்து மீட்டர் பெட்டியிலிருந்து எர்த் இழுத்துக் கொடுத்தார். அப்புறம்தான் 600 விஏ யுபிஎஸ்ஸை வைத்து, கம்ப்யூட்டரை ஆன் செய்தோம்.