கேஸ்கேட் என்றால் அடுக்கு அன்று

வலைப்பக்கங்களுக்குத் தோற்றம் தரும் சிஎஸ்எஸ் (கேஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்ஸ்) மொழியைத் தமிழில் கற்றுத்தர வருபவர்கள் பலர், முதல் வரியிலேயே அதை 'அடுக்குப் பாணித்தாள்' என்று எழுதிவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. கேஸ்கேட் என்ற சொல்லிலும் அடுக்கு இல்லை, அந்தச் சொல் குறிக்கும் செயலிலும் அடுக்கு இல்லை.

விழுதலைக் குறிக்கும் 'காஸ்காரே' என்ற இத்தாலிய வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. பாறைப் படிகளில் தாவித் தாவி இறங்கும் அருவி என்பது பொருள். 1994 அக்டோபரில் ஹாக்கொன் வியூம் லீ இந்த மொழிக்கான தம் முன்மொழிவை வெளியிட்டபோதே இந்தச் சொல் தலைப்பில் இருந்தது. பெர்ட் பாஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முதல் பதிப்பு 1996 டிசம்பரில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. ஸ்டைல் என்பதன் வேர் இலத்தீனில் எழுத்தாணியைக் குறிக்கும். அதற்குப் 'பாணி' போதும். ஸ்டைலுக்கு இன்னொரு சொல்லான 'நடை' உரைநடைக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும்.

இனி அடுக்குக்கு வருவோம். தாள்களை அடுக்கினால் மேலே உள்ளது கீழே உள்ளதை முழுவதுமாக மறைக்கும், கடைசியாக வைத்ததே கண்ணில் படும். சிஎஸ்எஸ் இப்படியா நடக்கிறது? மெனுவுக்குள் இருக்கும் இணைப்புகள் பச்சை என்று ஒரு விதி எழுதுங்கள். அதற்குக் கீழே, எல்லா இணைப்புகளும் சிவப்பு என்று இன்னொன்று எழுதுங்கள். மெனுவில் பச்சையே நிற்கும். கீழே எழுதிய சிவப்பு தோற்றுப்போகும், ஏனென்றால் முதல் விதி இடத்தைக் குறிப்பாகச் சுட்டுகிறது. அடுக்கை மனத்தில் வைத்துக்கொண்ட மாணவர், சிவப்பு விதியை வெட்டி வெட்டிக் கோப்பின் அடியில் ஒட்டிப் பார்ப்பார். ஒன்றும் மாறாது. குழப்பம் அவருடையதன்று, சொல் தந்த குழப்பம்.

அதே இணைப்பை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். பச்சையாக மாறிய பிறகும் அடிக்கோடு அப்படியே இருக்கிறது. அது உலாவி தானாகப் போட்ட கோடு. நிறத்துக்குப் போட்டி வந்தது, கோட்டுக்கு வரவில்லை, அதனால் அது பிழைத்தது. ஆக, தாள் தாளை மறைக்கவில்லை. ஒவ்வொரு பண்புக்கும் தனித்தனியாகத் தீர்ப்பு நடக்கிறது.

ஒரு விதிக்குக் கூடுதல் முக்கியத்துவம் தரும் இம்பார்ட்டன்ட் என்ற குறி அடுக்கின் கதையை அடியோடு முடித்துவிடும். வழக்கமாகப் பக்கத்தை எழுதியவரின் விதி, படிப்பவர் தம் உலாவியில் வைத்துக்கொண்ட விதியை வெல்லும். இருவருமே அந்தக் குறியை இட்டால் படிப்பவரின் விதி வெல்லும். பெரிய எழுத்து இல்லாமல் படிக்க முடியாதவர் தம் தேவையைக் காத்துக்கொள்ள அந்த வழி வைக்கப்பட்டிருக்கிறது. அடுக்கில் கீழே கிடக்கும் தாள் எப்படி மேலே ஏறும்?

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2022-இல் முன்னணி உலாவிகள் லேயர் என்ற வசதியைக் கொண்டுவந்தன. விதிகளைத் தொகுதிகளாகப் பிரித்து, எந்தத் தொகுதி எதற்கு மேல் என்று நாமே சொல்லும் ஏற்பாடு அது. அதுதான் அசல் அடுக்கு. உரிய சொல்லை வேறெங்கோ செலவழித்துவிட்டு, இப்போது 'அடுக்கு அடுக்குகள்' என்றா எழுதுவது?

'விழுதொடர்' என்பாரும் உண்டு. வேருக்கு உண்மையாக இருக்கிறது, ஆனால் படிப்பவருக்கு விழுதுதான் நினைவுக்கு வரும். நான் எழுதுவது 'படியிறங்கு பாணித்தாள்', கேஸ்கேடுக்குப் 'படியிறக்கம்'. அருவியின் படியும் இறக்கமும் இதில் இருக்கின்றன. உலாவி தீர்ப்புச் சொல்வதும் படியிறங்கித்தான். விதி யாரிடமிருந்து வந்தது என்று முதலில் பார்க்கும். அங்கே சமமானால் எந்த அடுக்கு (லேயர்), அதிலும் சமமானால் எது குறிப்பாகச் சுட்டுகிறது என்று இறங்கிக்கொண்டே போகும். எழுதிய வரிசையைப் பார்ப்பது கடைசிப் படியில்தான். இடையில் இன்னும் சில படிகள் உண்டு, முறை இதுதான்.

அகராதியைப் புரட்டி முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது. சிஎஸ்எஸின் பேடிங் என்பதற்குத் 'திணிப்பு' என்கிறார்கள். திணிப்பு என்றால் வேண்டாததை வலிந்து புகுத்துவது. 'நிரப்பு' என்கிறார்கள். அங்கே நிரப்பியது எது? வெற்றிடம் அல்லவா அது! மார்ஜினுக்கு 'விளிம்பு' என்று எழுதிவிட்டு, பார்டர் வந்ததும் அதற்கும் விளிம்பு என்றே எழுதுகிறார்கள். ஒரு பெட்டியை வரைந்து பார்த்திருந்தால் போதும். கோடு (பார்டர்) விளிம்பு, கோட்டுக்கு உள்ளே விடும் இடம் (பேடிங்) உள்வெளி, வெளியே விடும் இடம் (மார்ஜின்) புறவெளி.