உருட்டுமர வீடு: முன்பணம் கட்டுவதற்கு முன்

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, இங்கே சிங்கப்பூரில், ஈசூனிலிருந்து ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். கணவரின் அப்பா ஏற்காட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம் விட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வருஷத்தில் நாலு மாதமாவது வீவக அடுக்குமாடி வீட்டைப் பூட்டிவிட்டு மலையில் போய் இருக்க வேண்டும், அதுவும் முழு மரத்தடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீட்டில் இருக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் வெகுநாள் ஆசை. "முன்பணம் கட்டிட்டோம் அண்ணே. சரக்கு இங்கதான் கிடங்குல இருக்கு, அடுத்த மாசம் தூத்துக்குடிக்குக் கப்பல் ஏறுது. ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார் கணவர்.

சுங்கை காடுட் மரக்கிடங்குகளில் மரம் அளப்பதும் தரம் பார்ப்பதும் எனக்கு இருபது வருஷத்துக்கு மேலான வேலை. இப்படி முன்பணம் கட்டிய பிறகு வருகிறவர்கள்தான் அதிகம். கட்டுவதற்கு முன்னால் வந்தால் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்றைக்குக் கிடங்குக்குப் போனோம். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள பைன் தடிகள், பட்டை நீக்கி வழவழப்பாகச் சீவியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் எண் குறித்திருந்தது. விற்பனையாளர் தந்த தாளில் 'சூளையில் உலர்த்தியது' என்று இருந்தது. ஈரம் பார்க்கும் மீட்டரின் சின்ன ஊசியை மேலே குத்தினேன், 14 சதவீதம். அந்த அம்மா முகத்தில் சந்தோஷம். அப்புறம் நீள ஊசியை எடுத்தேன். இதன் தண்டு முழுக்க மின்காப்புப் பூச்சு இருக்கும், நுனி மட்டும்தான் ஈரத்தை உணரும். சுத்தியலால் அடித்து எட்டு சென்டிமீட்டர் ஆழம் இறக்கினேன். 33 காட்டியது. பக்கத்துத் தடியில் 31, அதற்கடுத்ததில் 34.

இதில் விற்றவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பருமனான தடியைச் சூளையில் வைத்தால் மேல்பக்கம்தான் சீக்கிரம் காய்கிறது, நெஞ்சுப்பகுதி ஈரமாகவே இருக்கிறது. மரத்தில் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அது சுருங்கவே ஆரம்பிக்கும். அதாவது அந்தத் தடிகளின் உள்பகுதி இன்னும் ஒரு நூல் அளவுகூடச் சுருங்கவில்லை. சுருங்க வேண்டியது எல்லாம் வீடு கட்டிக் குடியேறிய பிறகு நடக்கும். ஆகவே 'காய்ந்த மரம்' என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் எத்தனை சதவீதம், எத்தனை தடிகளில் சோதித்தது என்று எழுதி வாங்குங்கள். கப்பல் ஏறும் முன் உங்கள் ஆள் ஒருவர் போய்க் குத்திப் பார்க்கும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கடைசித் தவணையை அந்தச் சோதனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காய வேண்டும் என்பது மரம் போய் உட்காரும் ஊரைப் பொறுத்தது. சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், திறந்த வெளியில் கிடக்கும் மரம் தானாகவே 15, 16 சதவீதத்தில் நின்றுவிடும். அதே பலகையைக் குளிரூட்டிய அறையில் வைத்தால் 10, 11க்கு இறங்கும். இங்கே நன்றாகப் பொருந்திய கதவு, ஏசி போட்ட ஆறு மாதத்தில் இடைவெளி விடுவது அதனால்தான்.

சாதாரண வீட்டில் கதவு இடைவெளி விட்டால் ஆசாரியைக் கூப்பிட்டுச் சரிசெய்யலாம். உருட்டுமர வீட்டில் சுவரே மரம். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். சுவரில் தடிகள் படுத்துக் கிடப்பதால் அந்தக் குறுக்குச் சுருக்கம் எல்லாம் சுவரின் உயரத்தில் வந்து சேர்கிறது. கூடவே கூரையின் பாரத்தில் மூட்டுகளும் அமுங்கும். ஈரத்தடிகளால் கட்டும்போது சுவர் உயரத்தில் 6 சதவீதம் இறங்கும் என்று வைத்துத் திட்டமிடுவது அமெரிக்க, கனடாக் கட்டுநர்களின் வழக்கம். அடிக்கு முக்கால் அங்குலம் என்பார்கள். 2.4 மீட்டர் சுவர் என்றால் 14, 15 சென்டிமீட்டர். அரைச் சாணுக்கு மேல் கூரை கீழே வரும், சில வருஷங்களில், மெதுவாக. நன்றாகக் காய்ந்த தடியிலும் இறக்கம் குறையுமே தவிர இல்லாமல் போகாது.

தம்பதி கொண்டுவந்த வரைபடத்தில் கதவு நிலைக்கு மேல் இடைவெளியே இல்லை. அப்படியே கட்டியிருந்தால் சுவர் இறங்க, நிலை இறங்க முடியாமல் நிற்க, மேல்தடிகளின் பாரம் முழுக்க நிலையின் தலையில் உட்கார்ந்திருக்கும். முதலில் கதவு திறக்காது, பிறகு ஜன்னல் கண்ணாடி விரியும். இரண்டு நிலைகளுக்கும் நடுவே உள்ள சுவர் இறங்கிவிட, நிலையின் தலைமட்டத்தில் தடிகளுக்கிடையே கை நுழையும் அளவுக்குப் பிளவு விழும். இதற்குப் பரிகாரம் எளிது, ஆனால் வரைபடத்திலேயே வர வேண்டும். 2.1 மீட்டர் நிலை என்றால் அதற்கு மேலே 13 சென்டிமீட்டர் காலி விட வேண்டும். அதில் பஞ்சு போன்ற காப்புப்பொருளை அடைத்து, மேல்தடியில் மட்டும் ஆணியடித்த ஒரு பலகையால் மூடிவிடலாம். நிலையின் பக்கச் சட்டங்களைத் தடிகளோடு சேர்த்து ஆணியடிக்கக் கூடாது. தடிகளின் முனையில் பள்ளம் வெட்டி, அதில் ஒரு சட்டம் வழுக்கி ஓடும்படி விட வேண்டும்.

வராந்தாத் தூண்கள் இன்னொரு பிரச்சினை. தூண் நிற்கிற மரம், அது இறங்காது. சுவர் இறங்கும், தூண் இறங்காது என்றால் கூரை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தூணின் அடியிலோ தலையிலோ ஒரு திருகு ஜாக்கி வைத்து, சுவர் இறங்க இறங்க அதையும் இறக்கிக்கொண்டே வர வேண்டும். மாடிப்படி, புகைபோக்கி, மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாய், செங்கல் தடுப்புச் சுவர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். மின்கம்பிக்கான துளைகளைத் தடி அடுக்கும்போதே போட்டுக்கொண்டு வர வேண்டும், பிறகு போட வழியில்லை. ஊரில் கொத்தனார் கையில் இந்த வேலையைக் கொடுக்கிறவர்கள் இதையெல்லாம் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும். செங்கல் சுவர் நகராது என்ற பழக்கத்தில் அவர்கள் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிவிடுவார்கள், அது அவர்கள் தப்பு கிடையாது.

சரி, எவ்வளவு மரம் வாங்குவது? 6 மீட்டருக்கு 9 மீட்டர் வீடு என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 30 மீட்டர். 25 சென்டிமீட்டர் தடியின் அடிப்பக்கத்தைப் பள்ளமாகச் செதுக்கி, கீழ்த்தடியின் முதுகில் உட்கார வைத்தால் உயரத்தில் சுமார் 20 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். 2.4 மீட்டருக்குப் பன்னிரண்டு வரிசை, ஆக 360 மீட்டர். மூலைகளில் ஒவ்வொரு தடியும் இரு பக்கமும் 30 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு 29 மீட்டர். ஒதுக்க வேண்டிய தடிகளுக்கும் சேதாரத்துக்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 430 மீட்டர் அருகில் வரும். கனஅளவில் 21 கன மீட்டர். கதவு ஜன்னலுக்குக் கழிக்காதீர்கள். அங்கே வெட்டி எடுக்கும் துண்டுகள் வேறெங்கும் பொருந்துவது அரிது. உள்சுவர், கூரை, தரை எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. 'முழுத் தொகுப்பு' என்று விலை சொல்கிறவர்களிடம் கூரை மரம் உண்டா, ஜன்னல் உண்டா, மூட்டுகளில் வைக்கும் ரப்பர்ப் பட்டையும் நீளத் திருகாணிகளும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

விலை ஒப்பிடும்போது நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது அளவையில். உருண்டைத் தடியை நம் பக்கத்தில் காலாகாலமாக அளப்பது சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி. 4 அடிச் சுற்றளவு, 20 அடி நீளம் உள்ள தடி இந்தக் கணக்கில் 20 கன அடி. அந்தத் தடியில் உண்மையில் இருக்கும் மரம் 25 கன அடிக்குச் சற்று மேல். இப்போது ஒரு கடைக்காரர் பழைய முறையில் கன அடிக்கு 100 ரூபாய் சொல்கிறார், இன்னொருவர் உண்மைக் கனஅளவில் 90 ரூபாய் சொல்கிறார் என்று வையுங்கள். முதலாமவரிடம் அந்தத் தடி 2,000 ரூபாய். மலிவாகத் தெரிந்த இரண்டாமவரிடம் 2,290 ரூபாய். மலேசிய வியாபாரிகளிடம் 'டன்' என்று பேசினாலும் கவனம் தேவை. அங்கே டன் என்பது எடைக் கணக்கு இல்லை, 50 கன அடி. அறுத்த மரத்தில் அது 1.416 கன மீட்டர், உருண்டைத் தடியில் பழைய முறைப்படி 1.8 கன மீட்டர். எந்த விலையானாலும் கன மீட்டருக்கு மாற்றி எழுதிக்கொண்டு, வெள்ளிக் கணக்கில் ஒப்பிடுங்கள்.

எடையும் பணம்தான். வெட்டிய ஈரம் மாறாத பைன் மரம் கன மீட்டருக்கு 800, 900 கிலோகூட இருக்கும். காய்ந்தது 500 பக்கம். 21 கன மீட்டரில் ஏழெட்டு டன் தண்ணீரை லாரிக்கும் பாரந்தூக்கிக்கும் வாடகை கொடுத்து மலை ஏற்றுகிறோம்.

மலை என்றதும் ஏற்காட்டுப் பாதை நினைவுக்கு வருகிறது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். தம்பதியின் சரக்கில் சில தடிகள் 11 மீட்டர் நீளம். நாற்பதடிக் கொள்கலனில் அழகாக நுழையும், வளைவில் திரும்பாது. "லாரிக்காரரைக் கேட்டீர்களா?" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் 9 மீட்டர் சுவர்களுக்கு நடுவில் இணைப்பு வைத்து, எந்தத் தடியும் 6 மீட்டருக்கு மேல் போகாமல் வரைபடத்தை மாற்றினோம். உங்கள் நிலத்துக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டரை நேரில் போய் நாடாவால் அளந்த பிறகுதான் தடியின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாடுவாழ் இந்தியரோ, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினரோ இந்தியாவில் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இங்குள்ளவர்கள் 'மலையில் காப்பித் தோட்டம் மலிவாகக் கிடைக்கிறது' என்று முன்பணம் கொடுத்துவிட்டு வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. சொந்தப் பட்டா நிலத்து மரமே ஆனாலும், தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. வெளிநாட்டு மரம் என்றால் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் இந்தியத் துறைமுகத்தை விட்டு வெளியே வராது. இங்கே சிங்கப்பூரிலேயே தரைவீட்டு மனையில் மரவீடு கட்ட நினைப்பவர்கள், மரத்தைத் தேடும் முன் தகுதிபெற்ற கட்டடக் கலைஞரையோ பொறியாளரையோ பாருங்கள். தீப்பாதுகாப்பு விதிகள் எந்தச் சுவர் மரமாக இருக்கலாம் என்பதையே மாற்றிவிடும்.

வைரம் பாய்ந்த கட்டைக்குத்தான் கறையானைத் தாங்கும் பலம் உண்டு. பைன் தடியில் வைரம் பாயாத வெளிப்புற வெள்ளைப் பகுதி அதிகம், கறையானுக்கு அது விருந்து. போரேட் உப்புக் கரைசல் அடிப்பது நல்ல பாதுகாப்பு. மரத்தில் ஈரம் இருந்தால் உப்பு இன்னும் ஆழமாக உள்ளே இறங்கும், அந்த 33 சதவீதத்தால் கிடைத்த ஒரே நன்மை அது. ஆனால் மழை பட்டுக்கொண்டே இருந்தால் கரைந்து போய்விடும். ஆகவே சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பை, அதாவது இறவாணத்தை, 75 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீட்டுங்கள், முதல் தடியைத் தரையிலிருந்து 45 சென்டிமீட்டராவது உயர்த்துங்கள். புலாவ் உபின் தீவில் மிச்சமிருக்கும் பழைய கம்போங் (கிராமத்து) வீடுகளைப் போய்ப் பாருங்கள். மரத்தூணை மண்ணில் நடாமல் கல்மேல் நிறுத்தியிருப்பார்கள், காற்று அடியில் ஓடும்.

மரம் கடைசியாக வர வேண்டும். அஸ்திவாரம் முடிந்து, கூரைப் பொருள் கையில் இருக்கும்போது வர வேண்டும். முன்னாலேயே வந்த சரக்கைப் பிளாஸ்டிக்கால் முழுக்கச் சுற்றி மழைக்காலம் முழுக்கப் போட்டு வைத்திருந்த ஓர் இடத்துக்குப் போயிருக்கிறேன். பிரித்ததும் புளித்த வாடை, தடி முழுக்கப் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்திருந்தது. வைக்க நேர்ந்தால் தரையிலிருந்து உயர்த்தி, வரிசைக்கு வரிசை குறுக்குச் சட்டம் வைத்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். வெட்டுமுகங்களில் மெழுகோ பெயின்டோ பூசுங்கள், இல்லாவிட்டால் முனை வெடிக்கும்.

ஏற்காட்டு வீட்டில் அந்த ஈரத்தடிகளையே, திருத்திய வரைபடத்தின்படி அடுக்கினார்கள். 25 சென்டிமீட்டர் தடியைச் சில மாதங்களில் உலர்த்திவிட முடியாது, காத்திருக்க அவர்களுக்கு மனமும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாசல் நிலைக்கு மேல் பலகையைக் கழற்றி, இடைவெளியை அளந்து, நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து அந்த அம்மா எனக்கு அனுப்புகிறார். 13 சென்டிமீட்டரில் ஆரம்பித்தது போன மாதம் 8ல் இருந்தது. வராந்தாவின் வடக்குத் தூண் மட்டும் தூக்கலாகத் தெரிந்தது. ஜாக்கியை இரண்டு சுற்று இறக்கிவிட்டு மறுபடி படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.